ஒன்பதாவது படி

"ஒண்ணு... ரெண்டு... மூணு... தூக்கு!" என்றார் வண்டிக்காரர்.

பெட்டியின் ஒரு மூலை மட்டும் எழும்பியது. அவன் பிடித்திருந்த மூலை. மற்ற ஐந்து பேரும் முதுகை வளைத்துக் கைப்பிடியைப் பற்றியபடி, மூச்சை இழுத்துக்கொண்டு, எதற்கோ காத்திருந்தார்கள். பெட்டி சாய்ந்தது. உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம்.

"ஏய், ஏய்! என் புள்ளையக் கொட்டிடாதீங்க!" சுவரோர நாற்காலியில் இருந்த அத்தை எழுந்தே விட்டாள்.

அவன் மூலையை இறக்கினான். வண்டிக்காரர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். இருபது வருடமாக இறுதி ஊர்வல வண்டி ஓட்டுகிறவர். மயங்கி விழுகிறவர்களைப் பார்த்திருக்கிறார், வாசலிலேயே சண்டைக்கு நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறார். தூக்கு என்றால் தூக்காமல் நிற்கிறவர்களை இன்றைக்குத்தான் பார்க்கிறார்.

"மூணு சொன்னேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு," என்றார் பஞ்சு. "மூணோட நிறுத்திட்டீங்களே. மிச்சம் எங்க?"

"என்ன மிச்சம்?"

"எட்டு வந்தாத்தானே கால் எடுக்க முடியும்? அதுவும் நீங்க ஒண்ணுல ஆரம்பிக்கிறீங்க. அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. அப்புறம்தான் அசையணும்."

"இது எந்த ஊர்க் கணக்குய்யா?"

"எங்க ஆட்டக் கூடத்துக் கணக்கு," என்றார் பஞ்சு. சொல்லிவிட்டு, பெட்டியைப் பார்த்து, "அவ சொல்லிக் குடுத்த கணக்கு," என்று சேர்த்துக்கொண்டார்.

பெட்டிக்குள் இருந்தது அவன் மனைவி. முப்பத்திரண்டு வயது. ஆறு வயதில் ஆடத் தொடங்கியவள், நேற்றுப் பிற்பகல் மூன்றே காலுக்கு நிறுத்தினாள். எட்டு மாதமாக ரத்தத்தில் ஒரு நோய். கைப்பிடியைப் பிடித்திருந்தவர்களில் அவனைத் தவிர எல்லோரும் அவளிடம் ஆட்டம் கற்றவர்கள். பஞ்சு, நகரப் பேருந்து ஓட்டுநர். நூறு கிலோ எடை. எகிறிக் குதித்தால் தரைக்குத் தெரியாது, அதனால் அந்தப் பெயர். அப்புறம் மருந்துக்கடை அக்கா, ஓய்வுபெற்ற கணக்கு சார், சலவைக்கடை நடத்தும் அண்ணனும் தங்கையும்.

வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை.

"பன்னிரண்டு மணிக்கு அங்க நேரம் குடுத்திருக்காங்க," என்று வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "இப்ப மணி பத்து. வழியில அரை மணி நேரம். பாத்துக்கோங்க."

"ரிகர்சல் பாக்காம எப்படிங்க?" என்றார் பஞ்சு.

"எதுக்கு?"

"எறக்கறதுக்கு. ரிகர்சல் இல்லாம மேடை ஏறினா அவ காதத் திருகிடுவா."

வண்டிக்காரர் அவனைப் பார்த்தார். வீட்டுக்காரன் நீதான், நீயாவது சொல்லேன் என்கிற பார்வை. அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தான்.

பரிசோதனைக் கூடத்து உறை ஒன்றின் பின்பக்கம் அது. பதினைந்து நாளைக்கு முன் அவள் வரைந்து கொடுத்தது. மேடையில் யார் எங்கே நிற்க வேண்டும் என்று அவள் எப்போதும் வரைகிற மாதிரியே ஒரு நீளக் கட்டம், அதைச் சுற்றி ஆறு வட்டங்கள், வட்டத்துக்குள் பெயர்கள். பின்னால் சலவைக்கடை இரண்டு பேர். நடுவில் மருந்துக்கடையும் கணக்கும். முன் வலது பஞ்சு. முன் இடது, தூணு.

தூணு என்பது அவன்தான். கட்டடப் பொறியாளன், படித்ததும் அதுதான், பார்ப்பதும் அதுதான். பெயர் அதனால் வந்ததில்லை. கல்யாணம் ஆன புதிதில் அவனுக்கும் ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அவள் கிளம்பினாள். எட்டு மாதம் முயன்றாள். எல்லோரும் இடது காலில் தொடங்கினால் அவன் வலது காலில் தொடங்குவான். அவர்கள் முடிக்கிற இடத்தில் ஆரம்பிப்பான். ஒரு நாள் மருந்துக்கடை அக்காவின் கட்டைவிரலை மிதித்து, நகம் கறுத்து, அக்கா மூன்று வாரம் ஒற்றைச் செருப்போடு மருந்து விற்றார். அதற்குப் பிறகு, "நீ பேசாம அந்த ஓரத்துல தூண் மாதிரி நில்லுப்பா, பாட்டு மட்டும் போடு," என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கூடத்தில் எல்லோருக்கும் அவன் தூண் சார்.

அப்படிப்பட்டவனை அவள் முன் இடதில் போட்டிருந்தாள். எந்த ஆட்டத்திலும் முன் இடதில் நிற்பவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் அடி வைப்பார்கள். அது அவளுடைய இடம்.

வாங்கிப் பார்த்தபோதே சொன்னான்: "தப்பா எழுதிட்டே. நான் பின்னாடி."

"நான் எடம் போட்டா போட்டதுதான்," என்றாள் அவள். மருந்து மயக்கத்தில் கண் சொருகியது. அதற்குமேல் அவன் கேட்கவில்லை.

இப்போது ஐந்து பேரும் அந்தக் காகிதத்தைச் சுற்றி நின்று பார்த்தார்கள். பிறகு அவன் கால்களைப் பார்த்தார்கள்.

"தம்பி," என்று மருந்துக்கடை அக்காதான் ஆரம்பித்தார். "தப்பா எடுத்துக்காதீங்க."

"சொல்லுங்கக்கா."

"படி எறங்கறது. ஒருத்தர் கால் மாறினா எல்லாருக்கும் ஆடும். ஏற்கனவே ஒரு தடவ சாஞ்சிடுச்சு."

"நீங்க பின்னாடி வாங்களேன் தம்பி," என்றார் பஞ்சு, தரையைப் பார்த்துக்கொண்டு. "கையில அவ படத்தையோ எதையோ வச்சுக்கிட்டு. முன் இடதுல நான் நிக்கிறேன். என் எடத்துக்குக் கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக்கலாம்."

நேற்றிலிருந்து அவன் அழவில்லை. வந்தவர்கள் தோளைத் தொட்டார்கள், பரவாயில்லை என்றான். சாப்பிட்டாயா என்றார்கள், பரவாயில்லை என்றான். எதைக் கேட்டாலும் அந்த ஒரு சொல்தான் வாயில் இருந்தது. இப்போதும் அதுதான் வரப் பார்த்தது. ஆனால் கை காகிதத்தை விடவில்லை.

"அவ எழுதியிருக்கா," என்றான்.

"எழுதியிருக்கா. சரி. பாத்துடுவோமே," என்றார் கணக்கு சார். "ஒரு தடவ அவர் முன்னாடி, ஒரு தடவ நீங்க முன்னாடி. எது சரியா வருதோ அது."

கூடத்திலிருந்து நாற்காலிகளோடு ஒரு நீள பெஞ்சும் வந்திருந்தது. ஆறடி. பெட்டியும் ஆறடி. பெஞ்சைக் கவிழ்த்துப் பார்த்து, நிமிர்த்தி, இது போதும் என்றார்கள். வெறும் பெஞ்சு எடை காணாது, சாய்வது தெரியாது என்று ஒரு பேச்சு வந்தது. துணி மூட்டை வைக்கலாமா என்றாள் சலவைக்கடைத் தங்கை.

"மூட்டை எதுக்கு? நான் படுக்கறேன்," என்றாள் அத்தை.

"அத்தை..."

"என்ன அத்தை? கடைசியில அவளும் நானும் ஒரே எடைதான். அந்த டாக்டரம்மா மெஷின்ல ஏத்தினாங்களே, நாப்பத்திரண்டு. நானும் நாப்பத்திரண்டு. சாய்ஞ்சா உங்க மூட்டை வாயத் தொறந்து சொல்லுமா? நான் சொல்வேன்."

முட்டி வலிக்காரி. ஒரு கையால் பஞ்சுவின் தோளைப் பிடித்து பெஞ்சில் ஏறிப் படுத்து, சேலையைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டாள். "ம். தூக்குங்க," என்றாள் கூரையைப் பார்த்து.

வண்டிக்காரர் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தில் இருந்த அவசரம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை தையல்காரி. மருத்துவமனை ஊழியர்களுக்குச் சீருடை தைத்தே மகளை வளர்த்தவள். மகள் ஆடப் போனதே அந்தத் தையல் மெஷினால்தான் என்பாள். குழந்தை மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து, மிதிக்கட்டையின் தாளத்துக்குக் காலைக் காலை உதைக்கும். நூல் அறுந்து மெஷின் நின்றால் அழும். "ராத்திரி ஆனா கண்ண மூடறாளா? மூட மாட்டா. ஆட்டத்துல சேத்து விட்டா அலுத்துப் போய்த் தூங்குவான்னு நினைச்சேன். தூங்கினாளா? வீட்டுக்கு வந்து எனக்கு மறுபடி ஆடிக் காட்டினா. பின்னாடி என் தூக்கமும் போச்சு."

ஒன்பது வயதில் கணுக்கால் உடைந்து மாவுக்கட்டோடு கைகளால் ஆடியது. பதினைந்து வயதில் முதல் மேடையில் விளக்கு அணைந்துபோய், இருட்டில் ஆடி முடித்து, விளக்கு வந்தபோது சரியான இடத்தில் நின்றது. இதெல்லாம் அத்தை சொல்லி அவனுக்குத் தெரியும். ரயில் நிலையத்துச் சீட்டுக் கவுண்டரில் வேலை பார்த்தபோது மேஜைக்கு அடியில் கால்கள் ஆடியபடியே இருந்தது அவளே சொன்னது. முகம் கண்ணாடிக்குப் பின்னால் சிடுசிடு என்று இருக்குமாம், கால் கீழே கல்யாணம் கொண்டாடுமாம். "ஒரு பய கண்டுபிடிக்கலையே!"

அவளை அவன் கண்டுபிடித்தது கூடத்தில். டயர்க்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்து அவள் பள்ளி தொடங்கியிருந்தாள். மேலே குதிக்கிறார்கள், கூரை ஆடுகிறது, டயர் உருண்டு வாடிக்கையாளர் காலில் விழுகிறது என்று கடைக்காரர் புகார் கொடுக்க, கட்டட உரிமையாளர் அவனை அனுப்பினார். அவன் அளவுக்கருவியைத் தரையில் வைத்துவிட்டு, "எல்லாரும் ஒரே நேரத்துல குதிங்க," என்றான். இருபது பேர் குதித்தார்கள். முள் நகர்ந்தது. கணக்குப் போட்டுவிட்டு, பன்னிரண்டு பேருக்குமேல் சேர்ந்து குதிக்கக் கூடாது என்றான்.

"தனித்தனியா குதிச்சா?" என்றாள் அவள்.

"தனித்தனியான்னா எத்தனை பேர் வேணும்னாலும்."

"அப்ப பத்துப் பேர் ஏழுல, பத்துப் பேர் எட்டுல. சரியா?"

அவன் மறுபடி கணக்குப் போட்டான். சரியாகத்தான் இருந்தது. அந்த அறிக்கையைக் கொடுக்க அவன் மூன்று முறை நேரில் வரவேண்டியதாயிற்று. ஒரு முறை வந்தாலே போதும் என்று கடைக்காரருக்குக்கூடத் தெரியும்.

"அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு!" என்றார் பஞ்சு.

பெஞ்சு அத்தையோடு எழுந்தது. அவன் முன் இடதில் நின்றான். முதல் வரிசையில் எட்டுப் படி. முன்னால் போகிறவர்கள் தோளில் ஏந்த வேண்டும், பின்னால் வருகிறவர்கள் கையில் தாழ்த்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் மட்டமாக இருக்கும். இதைச் சொன்னது அவன். சொன்னது சரி, கால்தான் சரியில்லை. மற்றவர்கள் இடது காலை வைத்தபோது அவன் வலதை வைத்தான். இரண்டாவது படியிலேயே பெஞ்சு படகுபோல் ஆடியது.

"மாப்ள, தலை சுத்துது," என்றாள் அத்தை மேலிருந்து.

"தம்பி, இடது, இடது!"

இடதை மாற்றினான். மாற்றியதில் ஒரு படி தாமதமாகி, கணக்கு சார் அவன் குதிகாலை மிதித்தார். முதல் திருப்பத்தில் பெஞ்சை இறக்கினார்கள்.

"பரவாயில்ல," என்றான் அவன். இந்த முறை அந்தச் சொல் அவன் தனக்கே சொல்லிக்கொண்டது. விலகி நின்றான். கீழ் வீட்டுக்காரர் வந்தார். பஞ்சு முன் இடதுக்கு மாறினார். அவன் அத்தையின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான்.

அவர்கள் அழகாக இறங்கினார்கள். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருப்பத்தில் எப்படிச் சுழற்றுவது என்பதை அவன் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்தான்: நாலடிக்கு எட்டடி மேடை, பெட்டியைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் உயர்த்தி, தலைப்பக்கம் சுவரோரம் ஒதுங்கி, கால்பக்கம் அரைவட்டம். மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாள் யாருக்கும் தெரியாமல் நாடா வைத்து அளந்துகொண்டிருந்தபோது, போர்வையைப் போர்த்திக்கொண்டு அவள் மேலே வந்து நின்றாள்.

"என்ன அளக்கறே?"

"சும்மா."

"சும்மாவா! அப்ப என்னையும் அளந்துக்கோ. அஞ்சடி மூணங்குலம். ஷூவோட அஞ்சடி அஞ்சங்குலம். ஷூ போட்டுக்கிட்டுத்தான் போவேன், கணக்குல சேத்துக்கோ." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரித்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து, நாடா மடியில் சுருண்டு கிடக்க, வெகு நேரம் சிரித்தார்கள்.

எட்டு, திருப்பம், எட்டு. அத்தை ஆடாமல் அசையாமல் போய்க்கொண்டிருந்தாள். இரண்டாம் மாடி, முதல் மாடி. கதவைத் திறந்து பார்த்த ஒரு வீட்டுக்காரி பெஞ்சில் கிடந்த அத்தையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, அம்மாவுமா?" என்றாள்.

"இல்லம்மா, ஒத்திகை," என்றாள் அத்தை.

கடைசி வரிசை. "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு," என்று முடித்தார் பஞ்சு. முன்னால் இருந்த இருவரும் தரை வந்துவிட்டது என்று கால் வைத்தார்கள். தரை வரவில்லை. அங்கே இன்னும் ஒரு படி இருந்தது. ஒரே நேரத்தில் இருவர் காலும் இறங்கி, பெஞ்சு முன்னால் குத்தி, அத்தை சறுக்குமரத்தில் வருகிற குழந்தைபோல் வழுக்கிக்கொண்டு வந்து பஞ்சுவின் முதுகில் மோதி நின்றாள். அவர் நூறு கிலோவும் அப்படியே நின்றது.

அத்தைக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. "என்னடா இது, பெரிய ஆட்டக்காரனுங்க! ஒம்போது எண்ணத் தெரியல!" பஞ்சு குலுங்கினார். மருந்துக்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார், எதற்கென்று தெரியவில்லை. மேலிருந்து பின்னாலேயே இறங்கி வந்திருந்த வண்டிக்காரரும் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எல்லாம் எட்டா இருக்கறப்ப இது மட்டும் ஏன் ஒம்போது?" என்றார் கணக்கு சார், தனக்கு அநியாயம் நடந்தாற்போல.

"தெருவைத் தாழ்த்தினப்ப ஒரு படி சேத்துக் கட்டியிருக்காங்க," என்றான் அவன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் இன்னும் கையில் செருப்போடு நின்றான். "அங்க அவ நிப்பா."

"எங்க?"

"எட்டாவதுல. ஒரு எண்ணிக்கை நிப்பா. சும்மா. அப்புறம் ரெண்டு காலையும் சேத்துக் குதிப்பா."

ஐந்து வருடம் தினமும் காலையில் அவள் பின்னால் அவன் இறங்கியிருக்கிறான். வீடு பார்க்க வந்த அன்று தரகர் லிஃப்ட் உள்ள வீட்டைத்தான் முதலில் காட்டினார். அவன் அதற்கு முன்பணம் தரத் தயாராக இருந்தான். இந்த வீட்டின் படிகளில் அவள் ஒரு தடவை கீழே ஓடி மேலே வந்தாள். "தூணு! எட்டெட்டா இருக்கு!" என்று கத்தினாள். "கடைசியில ஒம்பது," என்று அவன் திருத்தினான். "அது போனஸ்," என்றாள்.

"தினமுமா?" என்றார் பஞ்சு மெதுவாக.

"தினமும். கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப குதிக்க முடியல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அப்பவும் ரெண்டு காலும் சேந்துதான் எறங்குச்சு."

அத்தை பெஞ்சில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். "அந்தச் சத்தம் அதுதானா?" என்றாள். "நான் வந்த புதுசுல தினமும் காலையில கேக்கும். கீழ யாரோ மூட்டையப் போடறானுங்கன்னு நினைச்சு ஒரு நாள் ஜன்னல் வழியா திட்டிக்கூட இருக்கேன். 'சரிம்மா, இனிமே போடல'ன்னு கீழேர்ந்து ஒரு குரல் வந்துச்சு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அவ குரல்தான். எனக்குத் தெரியாம போச்சு பாரு."

பஞ்சு கீழ் வீட்டுக்காரரைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்க," என்றார். பிறகு முன் இடதிலிருந்து நகர்ந்து முன் வலதில் போய் நின்றார். "தம்பி, அந்தச் செருப்பைக் கீழ வைங்க."

"கால்..." என்றான் அவன்.

"காலை நாங்க பாத்துக்கறோம். எண்ணிக்கை நீங்க சொல்லுங்க. நின்னு, அப்புறம் எறங்குறது எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்."

"நான் எண்ணினதே இல்லண்ணே. பாட்டு மட்டும்தான் போட்டிருக்கேன்."

"எட்டு வருஷமா கேட்டிருக்கீங்கல்ல? கேட்டதைச் சொல்லுங்க."

மணி பத்தே முக்கால். பெஞ்சைத் தூக்கிக்கொண்டு மேலே போனார்கள். அத்தை பெட்டியின் மூடியை ஒரு தடவை உள்ளங்கையால் தடவி, தைத்து முடித்த துணியைத் தடவிப் பார்ப்பதுபோல் தடவி, நகர்ந்துகொண்டாள். அவன் முன் இடதில் குனிந்து கைப்பிடியைப் பிடித்தான். ஐந்து பேர் மூச்சை இழுத்துக் காத்திருந்தார்கள். இப்போது அவர்கள் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"அஞ்சு," என்றான். குரல் தன்னுடையதுபோல் இல்லை. "ஆறு. ஏழு. எட்டு."

பெட்டி ஆறு கைப்பிடியும் ஒன்றாக எழுந்தது. தோளில் அமர்ந்தது.

அவன் எண்ணினான். எண்ணிக்கையைச் சொல்வதற்கே வாயும் மனமும் போதவில்லை. எந்தக் கால் முன்னால் போகிறது என்று பார்க்க அவனுக்கு நேரம் இருக்கவில்லை. முதல் திருப்பம் வந்தபோது "உசத்துங்க" என்றான், கைப்பிடிச் சுவருக்கு மேல் அவள் ஒரு அரைவட்டம் சுற்றி வந்தாள். இரண்டாவது திருப்பத்தில் அதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எட்டு, சுழற்சி, எட்டு. செருப்புகள் ஒரே நேரத்தில் விழும் சத்தம் படிக்கட்டு முழுவதும் மேலும் கீழும் போய்வந்தது. கதவுகள் திறந்தன. இரண்டாம் மாடியில் யாரோ ஒருவர் தன்னை அறியாமல் விரலால் கதவு நிலையில் தட்டிக்கொண்டிருந்தார்.

கணக்கு சார் பின்னாலிருந்து, "சரியா வருது, சரியா வருது," என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

"பேசாதீங்க சார்," என்றாள் சலவைக்கடைத் தங்கை.

கடைசி வரிசை. கீழே வாசல் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்தில் வண்டியின் பின்கதவுகள் திறந்து கிடந்தன. வண்டிக்காரர் அதன் பக்கத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆறு," என்றான். "ஏழு. எட்டு."

நின்றார்கள். ஆறு பேரும், பெட்டியும். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. தோளில் இருந்த எடை அசையவில்லை. அவன் ஒரு முழு எண்ணிக்கை நிற்க விட்டான். அவள் நிற்கிற அதே அளவு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஐந்து வருடம் பின்னால் நின்று பொறுமையில்லாமல் காத்திருந்த அளவு அது. 'நேரமாச்சு, எறங்கு' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறான்.

"ம்," என்றான்.

எல்லோருடைய கால்களும் சேர்ந்து இறங்கின. பெட்டிக்குள்ளிருந்து, அதே நொடியில், 'டொக்' என்று ஷூ பலகையில் தட்டும் சத்தம் கேட்டது.

பஞ்சு, முன்னால் பார்த்துக்கொண்டே, "எடம் தப்பல," என்றார்.

பெட்டி வண்டிக்குள் போனது. கதவைச் சாத்துவதற்கு முன் வண்டிக்காரர் வண்டியிலேயே இருந்த தன் உதவியாளைப் பார்த்து ஒரு பக்கத்துத் தாழ்ப்பாளைப் பிடிக்கச் சொன்னார். "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு," என்றார் வாய்க்குள். இரண்டு கதவும் ஒன்றாகச் சாத்திக்கொண்டன.

பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஆக வேண்டியவை ஆயின. இரண்டரை மணிக்கு எல்லாம் முடிந்து, பஞ்சு தன் பேருந்துப் பணிக்குப் போக வேண்டியிருந்தது. போகும்போது கூடத்தின் சாவியை அவன் கையில் வைக்கப் போய், பிறகு தானே பையில் போட்டுக்கொண்டார். "நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி. நான் தொறந்து வைக்கிறேன். பாட்டுப் போட ஆள் வேணும்," என்றார். அவன் தலையாட்டினான்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது அத்தை, "நீ முன்னாடி போ மாப்ள. என் முட்டிக்கு நேரமாகும்," என்றாள்.

அவன் ஏறினான். மூன்றாம் மாடியில் கதவின் முன் நின்று பையில் சாவியைத் தேடினான். கூடத்து நாற்காலிகள் வெளியே அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. பெஞ்சு சுவரோரம் நின்றது. சாவியைப் பூட்டில் நுழைத்தபோது, வெகு கீழே அத்தையின் செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. முதல் படிக்கு முன்னால் நின்றது.

சாவியைத் திருப்பாமல் நின்றான்.

ஒரு எண்ணிக்கை.

பிறகு, 'தொப்'. கனமான, சேர்ந்து விழுந்த, இரண்டு கால்கள். அதன்பின் "ஸ்ஸ், அம்மா" என்று ஒரு முனகல். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, வழக்கம்போல், ஒவ்வொரு படியாகச் செருப்புகள் ஏறத் தொடங்கின.

அவன் எட்டிப் பார்க்கவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போய், இரண்டு கப் அளந்து ஊற்றி, அடுப்பில் தண்ணீர் வைத்தான்.